உதிரிப் பழத்திலே கிண்ணப் புட்டிங்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பேசியது)



தார் வெட்டினால் மண்டிக்குப் போகிறது. மண்டியிலே விலை பேசிக் கணக்கு முடிகிறது. ஆனால் சீப்பைப் பிரிக்கும்போது உதிர்கிற பழம் இருக்கிறதே, அதற்கு எந்த மண்டியிலும் கணக்குக் கிடையாது. ரஸ்தாளி போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழுக்கப் பழுக்கக் காம்பு விட்டு ஒவ்வொன்றாகக் கழன்று விழும். பழத்திலே குற்றம் ஒன்றும் இல்லை. சீப்பிலே இல்லை என்பதுதான் அதன் குற்றம். கொஞ்சம் வீட்டுப் பிள்ளைகள் தின்னும், மிச்சம் மாட்டுத் தொட்டிக்குப் போகும். முகூர்த்தம் இல்லாத மாதங்களிலே இது இன்னும் கூடும்.

இந்த உதிரிப் பழத்தை வைத்துச் செய்யக்கூடிய ஓர் இனிப்பைப் பற்றி இன்றைக்குச் சொல்லப் போகிறேன். பிஸ்கட் தூள் ஒரு அடுக்கு, கெட்டியாகக் காய்ச்சிய பால் ஒரு அடுக்கு, வாழைப்பழ வில்லை ஒரு அடுக்கு, மறுபடியும் பால் என்று சின்னச் சின்னக் கிண்ணத்திலே அடுக்கிக் குளிர வைத்துக் கொடுப்பது. வாழைப்பழப் புட்டிங் என்று பெயர். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே இது வீட்டுக்கு வீடு செய்கிற பண்டம். டென்னஸி மாநிலத்திலே சென்டர்வில் என்ற சிற்றூரில் இதற்கென்றே ஒரு திருவிழா நடத்துகிறார்கள். வாழை கப்பலிலே வந்து இறங்குகிற ஊர்க்காரர்கள் திருவிழா எடுக்கிறார்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரத்திலும் ஸ்ரீரங்கம் தீவிலும் தொட்டியம், லால்குடிப் பக்கமும் வாழைக்குள்ளேயே குடியிருக்கிற நாம் உதிர்ந்ததை மாட்டுக்குப் போடுகிறோம்.

முழுத் தாரையும் இதிலே போட்டுக் காசு பார்க்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். முதலிலேயே சொல்லி விடுகிறேன். இது உதிரிக்கான வழி. பக்கத்திலே பள்ளிக்கூடமோ, கோயிலோ, பேருந்து நிலையமோ, விசேஷ வீடோ இருந்து, அன்றன்றைக்கு விற்க முடிகிறவர்களுக்கான வழி. உறையூர் மாதிரி, ஒரு பக்கம் நகரமும் மறு பக்கம் வாய்க்காலும் இருக்கிற இடத்துக்குப் பொருத்தமானது.

உறையூரிலே ஒரு மகளிர் குழுவுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்த முதல் தடவையே கெட்டுப் போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். கோயில் விசேஷத்துக்கு விற்கலாம் என்று ஐந்து லிட்டர் பால் குழுப் பணத்திலே வாங்கினார்கள். காலையிலே காய்ச்சி, ஒரே அண்டாவிலே அடுக்கடுக்காகப் போட்டு, சாயங்காலம் கரண்டியாலே எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அப்படிச் செய்யச் சொன்னது நான்தான். சாயங்காலம் மூடியைத் திறந்தால் மேலே நீர் நிற்கிறது, பழம் கறுத்துப் போயிருக்கிறது, ஒரு புளித்த வாடை. கரண்டி போட்டதும் அடுக்கெல்லாம் கலங்கிக் கூழாகி விட்டது. மொத்தத்தையும் கீழே கொட்டினோம். பால் காசை நான் தருகிறேன் என்றேன், வாங்க மாட்டேன் என்று விட்டார்கள். குழுவிலே வயதான அம்மா ஒருவர் அண்டாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “டம்ளர்லே ஊத்தி வச்சிருந்தா நாலு டம்ளராவது தேறியிருக்கும் சார்.”

அவர் சொன்னதுதான் விஷயம். அண்டா நிறைய இருக்கிற சூடான பால், நடுவிலே மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். விளிம்பு ஆறியிருக்கும், கையை வைத்துப் பார்த்து ஆறி விட்டது என்று நினைப்போம். பாலைக் கெடுக்கிற நுண்ணுயிர்களுக்கு அந்த வெதுவெதுப்புத்தான் வேண்டும். தயிர் உறை ஊற்றும்போது நாமே வேண்டுமென்று அந்தச் சூட்டைத்தானே வைக்கிறோம்? கொதிக்க வைத்தாலும் சாகாத வித்துக்கள் மாவுப் பண்டங்களிலே சில உண்டு. சூடு இறங்கியதும் அவை முளைத்துப் பெருகும். அதையே நூறு மில்லி பிடிக்கிற கிண்ணத்திலே ஊற்றி, குளிர்ந்த தண்ணீர்த் தட்டிலே நிறுத்தினால் சீக்கிரமே சூடு இறங்கி விடும். கரண்டியும் மறுபடி மறுபடி உள்ளே போகாது. ஆகவே தனித்தனிக் கிண்ணம் என்பது அழகுக்காக மட்டும் வந்த வழக்கமல்ல. பண்டம் கெடாமல் நிற்பதே அதனாலேதான்.

இனி பழத்துக்கு வருவோம். எல்லா வாழையும் இதற்கு ஒத்து வராது. நம் பக்கத்துப் பூவன் நல்ல பொருத்தம். இலேசான புளிப்பு இருப்பதால் இனிப்பான பாலோடு சேரும்போது திகட்டாது. வில்லை போட்டாலும் உடையாது. ஏலக்கி சின்ன வில்லையாக விழும், கிண்ணத்துக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் விலை கூடுதல். ரஸ்தாளிக்கு மணம் உண்டு. ஆனால் சில பழத்திலே நடுவே கல் மாதிரிக் கட்டி இருக்கும். வாங்குகிறவர் வாயிலே அந்தக் கட்டி அகப்பட்டால் அடுத்த தடவை வர மாட்டார். ஒவ்வொரு பழத்தையும் நீளவாக்கிலே பிளந்து பார்த்து, கட்டியை நீக்கி விட்டுப் போட வேண்டும். கற்பூரவல்லி தேன் மாதிரி இனிக்கும், குழையவும் செய்யும். அதைப் போட்டால் பாலிலே சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மொந்தன் கறிக்கு உரியது, இதிலே வேண்டாம்.

நேந்திரனைப் பச்சையாகப் போட்டால் மாவாக இருக்கும். அதை வேறு விதமாகக் கையாளலாம். துண்டு போட்டு, வடிகட்டிய வெல்லப் பாகிலே ஏலக்காய் தட்டிப் போட்டு, மூடி வேக விடுங்கள். நன்றாக ஆறிய பிறகு அதையே அடி அடுக்காகப் போடலாம். ஆறிய பிறகு என்பதைக் கவனியுங்கள். வெல்லத்துக்குக் கொஞ்சம் புளிப்பு உண்டு. சூட்டோடு பால் சேர்ந்தால் திரியும். வெல்லப் பாயசம் வைக்கிற தாய்மார்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. என் கருத்தைக் கேட்டால், நம் ஊருக்கு இந்த வெல்ல நேந்திரன்தான் சீமைப் பக்குவத்தைவிடச் சுவை.

பழத்தின் பக்குவம் முக்கியம். காயிலே நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் மாவுச்சத்து. பழுத்து முடிக்கையிலே அது ஒன்றிரண்டு பங்காகக் குறைந்து, மற்றதெல்லாம் சர்க்கரையாகி விடுகிறது. தோல் முழுக்க மஞ்சளாகி, அங்கங்கே பழுப்புப் புள்ளி தோன்றத் தொடங்குகிற நிலைதான் சரி. கார்பைடுக் கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் தோலிலே மட்டும் மஞ்சள் காட்டும், உள்ளே இனிப்பு ஏறியிருக்காது. அந்தக் கல்லை வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படியும் குற்றம். காற்றிலே சாய்ந்த மரத்து இளங்காயும் இதற்கு ஆகாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவிலே எத்தனை வாழை சாய்ந்தது என்று பார்த்தோமே! முற்றாத காய் என்ன செய்தாலும் சரியாக இனிக்காது. அது சிப்ஸுக்கும் கறிக்கும் காய வைத்து மாவாக்குவதற்கும்தான். பழத்தை முழுதாகக் குளிர்பெட்டியிலே வைக்காதீர்கள். வாழைப்பழத்துக்கு 13 டிகிரிக்குக் கீழே குளிர் ஆகாது, தோல் கறுத்து விடும்.

நறுக்கின பழம் ஏன் கறுக்கிறது? பழத்துக்குள்ளே ஒரு நொதி இருக்கிறது. கத்தி பட்டுத் திசு உடைந்ததும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து அது வேலை செய்யத் தொடங்கி விடும். வாழைப் பூவை ஆய்ந்து மோரிலே போடுகிறோமே, அதே காரணம்தான். புளிப்பு அந்த நொதியை அடக்கும், காற்றுப் படாமல் இருந்தாலும் அடங்கும், வேக வைத்தால் அழிந்தே போகும். வெல்லத்திலே வெந்த நேந்திரன் கறுக்காதது இதனாலேதான். பச்சையாகப் போடுகிற பழத்தை, ஒரு டம்ளர் தண்ணீரிலே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அதிலே ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, நன்றாக வடிய விடுங்கள். பிறகு கிண்ணத்திலே வைத்ததும் மேலே பால் முழுக்க மூடும்படி ஊற்றுங்கள். மேல் மட்டத்திலே அலங்காரத்துக்கு வில்லை வைக்க வேண்டுமானால் கொடுக்கும்போது வையுங்கள். முன்கூட்டியே வைத்தால் அழுக்குப் பட்ட மாதிரி ஆகி விடும்.

பாலைக் கெட்டியாக்க அமெரிக்காவிலே முட்டையின் மஞ்சள் கரு சேர்ப்பார்கள். நமக்கு முட்டை இல்லாமல் செய்தால்தான் எல்லாரும் வாங்குவார்கள். முட்டையில்லாத கஸ்டர்டு வந்த கதை வேடிக்கையானது. இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரத்து ஆல்பிரட் பேர்டு என்பவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837-ல் மக்காச்சோள ஸ்டார்ச்சை வைத்து அவர் கஸ்டர்டு செய்தார். இன்றைக்குக் கடையிலே விற்கிற கஸ்டர்டு பவுடர் அந்த வழியிலே வந்ததுதான். அதிலே இருப்பது பெரும்பாலும் கார்ன்ஃப்ளார், கொஞ்சம் நிறம், கொஞ்சம் மணம். வெறும் கார்ன்ஃப்ளாரும் ஏலக்காயும் போதும். ஆனால் கடையிலே சோள மாவு என்று கேட்டு மஞ்சள் மாவை வாங்கி வந்து விடாதீர்கள். வெள்ளை வெளேரென்று, விரலிடுக்கிலே நறநறக்கிற ஸ்டார்ச் மாவுதான் வேண்டும்.

அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பால் ஒரு லிட்டர். கார்ன்ஃப்ளார் 60 கிராம். சர்க்கரை 100 கிராம். மேரி பிஸ்கட் 30 அல்லது 32. பூவன் பழம் எட்டு அல்லது ஒன்பது. ஏலக்காய் நாலைந்து, ஒரு சிட்டிகை உப்பு. நூறு மில்லிக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கிற கிண்ணம் பதினாறு வரும்.

ஒரு டம்ளர் பாலைப் பச்சையாகவே தனியே எடுத்து வைத்து, அதிலே மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். கொதிக்கிற பாலிலே மாவை நேரே கொட்டினால் வெளித்தூள் வெந்து மூடிக்கொண்டு, உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும். மிச்சப் பாலிலே சர்க்கரை, உப்பு சேர்த்துக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கரைத்ததை மறுபடி ஒரு தடவை கலக்கி விட்டு ஊற்றுங்கள். கை விடாமல் அடி தொட்டுக் கிளறுங்கள். 70 டிகிரிச் சூட்டிலேயே கெட்டிப்படத் தொடங்கி விடும். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். கெட்டியாயிற்றே என்று அப்போதே இறக்கி விட்டோம். அப்படி இறக்கினால் மாவு அரை வேக்காடு. ஆறியதும் நெகிழ்ந்து நீர் விடும். கூழ் கொதிக்கிற மாதிரிப் புளுக் புளுக் என்று குமிழி வந்த பிறகும் இரண்டு நிமிஷம் கிளற வேண்டும். அதற்காகப் பத்து நிமிஷம் கொதிக்க விட்டாலும் கெட்டி உடைந்து போகும்.

இனிப்பு பார்க்கிற கரண்டியை மறுபடி உள்ளே விடாதீர்கள். இது வெறும் சுத்தத்துக்காகச் சொல்வதல்ல. நம் எச்சிலிலே மாவைக் கரைக்கிற நொதி இருக்கிறது. சாதத்தை மெல்ல மெல்ல இனிக்கிறதே, அந்த நொதிதான். ஆறிக்கொண்டிருக்கிற பாலிலே துளி பட்டாலும் இரவுக்குள் நீர்த்துப் போகும். எங்கள் அண்டாவிலே எத்தனை பேர் ருசி பார்த்தார்கள் என்று கணக்கில்லை. நானே இரண்டு தடவை பார்த்தேன்.

பாலை இறக்கியதும் பாத்திரத்தைத் தண்ணீரிலே நிறுத்தி, ஆடை படியாமல் கிளறிக்கொண்டே, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். அந்தச் சூட்டிலேயே கிண்ணத்திலே ஊற்றி விட வேண்டும். முழுக்க ஆறி உறைந்த பிறகு கலக்கினால் உறைந்தது உடைந்து, மறுபடி அந்தக் கெட்டி வராது. அடியிலே பொடித்த பிஸ்கட் இரண்டு கரண்டி, அதன் மேலே பாலிலே பாதி, பிறகு பழம், பழம் மறையும்படி மீதிப் பால். அவ்வளவுதான். பிஸ்கட் பாலின் ஈரத்தை இழுத்து நாலு மணி நேரத்திலே கேக் மாதிரி மெத்தென்று ஆகும். மொறுமொறுப்பு வேண்டுமானால் கொடுக்கும்போது மேலே கொஞ்சம் தூவலாம். பிஸ்கட்டுக்குப் பதில் அவலை வறுத்துப் பொடித்துச் சர்க்கரை கலந்தும் போடலாம். அவல் ஈரத்தை நிறைய இழுக்கும், அதனால் பாதி அளவே போதும்.

எந்தக் கிண்ணம் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டிலே 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் கப்புக்கும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் தடை. கண்ணாடிக் கிண்ணத்திலே அடுக்குத் தெரியும், பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். திருப்பி வாங்கிக் கழுவ வேண்டும், அதுதான் சிரமம். விசேஷ வீட்டுக்குக் கொடுப்பதானால் கண்ணாடியே நல்லது. தெருவிலே விற்பதானால் எனக்குப் பிடித்தது சின்ன மண் குவளை. மண் தானே கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்ளும், பானைத் தயிர் இறுகுகிற மாதிரி இதுவும் இறுகும். புதுக் குவளையை ஒரு நாள் ஊற வைத்து, வெந்நீரிலே கொதிக்க விட்டு, வெயிலிலே காய வைத்துப் பயன்படுத்துங்கள். வர்ணம் பூசியது வேண்டாம். ஊற்றியதும் மேலே தணலில் வாட்டின வாழை இலைத் துண்டைப் பால் மேலேயே படும்படி வைத்து மூடினால் ஆடை கட்டாது. இலையும் நம்முடையது, செலவில்லை.

குளிர வைப்பதற்கு வசதி இல்லாதவர்கள் இதை விற்பனைக்குச் செய்யக் கூடாது. இதிலே மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குளிர்பெட்டி இருந்தால் நாலு டிகிரியிலே வைத்து மறுநாள் மாலைக்குள் தீர்த்து விடுங்கள். இல்லையென்றால் மூடியுள்ள ஐஸ் பெட்டியிலே பனிக்கட்டியும் தண்ணீரும் போட்டு, கிண்ணத்தின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நீர் நிற்கும்படி அடுக்கி, அன்றைக்கே விற்று விடுங்கள். மீன் பெட்டிக்கு வாங்குகிற பனிக்கட்டி தின்கிற கட்டியல்ல, பண்டத்திலே படக் கூடாது. பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம்தான் கெடு. சித்திரை, வைகாசி வெயிலிலே ஒரு மணி நேரம். வாங்குகிறவை பெரும்பாலும் பிள்ளைகள். உறைபெட்டியிலே வைத்துக் கல்லாக்கினால் நாலு நாள் நிற்குமே என்று சிலர் கேட்கிறார்கள். நிற்கும், ஆனால் இளகும்போது கார்ன்ஃப்ளார் நீரைக் கக்கி விடும், தின்ன முடியாது.

பழனிப் பஞ்சாமிர்தமும் வாழைப்பழம்தானே, அது மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று ஒரு கூட்டத்திலே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு நீர் குறைந்த விருப்பாட்சி மலைப்பழம் போடுகிறார்கள். சர்க்கரை, தேன், பேரீச்சை என்று இனிப்புத்தான் மிகுதி. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. அவ்வளவு இனிப்பிலே நுண்ணுயிர் பிழைக்க முடியாது. நம் கிண்ணத்திலே பெரும்பங்கு பால், சர்க்கரையோ கொஞ்சம். இரண்டையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையிலே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சின்ன வியாபாரத்துக்கும் இது உண்டு. விலை வைக்கும்போது பால், பிஸ்கட், சர்க்கரை, பனிக்கட்டி, விறகு அல்லது எரிவாயு, குவளை எல்லாவற்றையும் கூட்டுங்கள். உதிரிப் பழத்துக்கும் ஒரு விலை போடுங்கள், சும்மா வந்தது என்று விட்டு விடாதீர்கள். உங்கள் கைக்கூலியையும் சேருங்கள். மொத்தத்தைப் பதினாறாலே வகுக்காமல் பதினாலாலே வகுங்கள். ஒன்று உடையும், ஒன்று விற்காது.

உறையூர்க் குழு பிறகு என்ன செய்தது என்று சொல்லவில்லையே. இரண்டாம் தடவை ஒரே ஒரு லிட்டர்தான் வாங்கினார்கள். நான் பாத்திரத்தின் பக்கமே போகவில்லை. அந்த அம்மா வீட்டு எவர்சில்வர் டம்ளரெல்லாம் வந்து இறங்கியது. பதினாறிலே பதினைந்து விற்றது. மிச்ச ஒன்றை எனக்கு எடுத்து வைத்திருந்தார்கள், காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

இதிலே மேற்கொண்டு பழக விரும்புகிறவர்கள், திருச்சியிலே தோகைமலை சாலையில் தாயனூர் அருகே 1993 முதல் இயங்கி வருகிற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும், சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலும் வாழைப் பண்டங்களுக்கான பயிற்சி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வீட்டிலே அரை லிட்டர் பாலிலே ஒரு தடவை செய்து, ஒரு கிண்ணத்தை மட்டும் மறுநாள் சாயங்காலம் வரை குளிரிலே வைத்துத் திறந்து பாருங்கள். நீர் விட்டிருந்தால் பால் வேகவில்லை, பழம் கறுத்திருந்தால் மேலே பால் சரியாக மூடவில்லை.